தொட்டியில் ஒருவரும் இல்லாத நாள்

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு, அக்கா சொல்லச் சொல்லத் தையல்காரர் எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். உன் சளி விட்டுச்சா? வீட்டுக்காரி, பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?

விஷயத்துக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. தையல்காரர் கண்ணாடி மாத்தியிருக்கார். அதனால எழுத்து பெரிசு பெரிசா இருக்கும், அக்காவுக்குக் கோபம்னு நினைச்சுக்காதே. பழைய கண்ணாடி எங்க கிடந்துச்சுங்குறே? மிஷினுக்கு விடுற எண்ணெய்க் கிண்ணத்துக்குள்ள. சரி, அது கிடக்கட்டும்.

சர்ச்சுச் சாமியாருங்க இருந்த பழைய கட்டடம் இருக்கே, அதுக்குப் பின்னாடி நம்ம துவைக்கிற தொட்டி. கட்டடத்தை ஒரு லாட்ஜ் முதலாளி வாங்கிட்டார். தொட்டியை மூடி கார் நிறுத்தப் போறாராம். நாங்க பதினோரு பேரும் போய்க் கேட்டோம். "எப்பவாவது வந்து நாலு துணி அலசிட்டுப் போறீங்க. அதுக்கு உரிமை வேறயா?"ங்குறார். எப்பவாவதாம்! இவர் காய்ச்சல்ல படுத்தா எங்க கை வெளுத்த விரிப்புலதான் படுக்கணும், பெரியாஸ்பத்திரித் துணி மொத்தமும் நாமதானே.

வக்கீலம்மா ஒருத்தங்க கேஸ் போட்டிருக்காங்க. வழிவழியா, நாள் தவறாம அங்க துவைச்சோம்னு காட்டினா தொட்டி நமக்கு. காட்டலைன்னா அதுமேல கார் நிக்கும். சாமியாருங்க நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதி வச்ச நோட்டு ஒண்ணு பழைய காகிதமெல்லாம் வைக்கிற ஆபீசுல அகப்பட்டிருக்கு. அதுல தொட்டி வருதாம், ஆனா லத்தீன். நீ அதைத்தானே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குற? லத்தீன் தெரிஞ்ச வாத்தியார் ஒருத்தர் எனக்குத் தெரியும்னு மட்டும் வக்கீலம்மாகிட்ட சொல்லியிருக்கேன். என் தம்பின்னு அப்புறமா சொல்லி அசத்தலாம்னு. நகலும் கோர்ட்டு ஃபாரமும் இதுக்குள்ள இருக்கு.

உன் நல்லதையே நினைக்கிற
அக்கா

(கண்ணாடி கிண்ணத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது, உள்ளே இல்லை. — தையல்காரர்)


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. சளி குறைந்துவிட்டது. வீட்டில் அனைவரும் நலம். கை வெடிப்புக்குத் தைலம் போடுகிறாயா?

நகல் கிடைத்தது. ஓரமெல்லாம் ஈரத்தில் போய்விட்டாலும் நடுவில் தெளிவாக இருக்கிறது. எழுதிய சாமியார் ஒரு சிடுமூஞ்சி. அவர் சொல்வது: "விடியுமுன் பெண்கள் தொட்டிக்கு வருவார்கள். துவைப்பார்கள். உரக்கச் சிரிப்பார்கள். நாங்கள் செபத்தில் வரி தவறுவோம்."

லத்தீனில் நடந்ததைச் சொல்ல இரண்டு வழி உண்டு. ஒரு தடவை துவைத்தார்கள், முடிந்தது என்றால் 'லாவேருந்த்'. மறுபடி மறுபடி, வழக்கமாகத் துவைத்துவந்தார்கள் என்றால் 'லவாபந்த்'. இவர் எழுதியிருப்பது வேனியேபந்த், லவாபந்த், ரீதேபந்த். "அப்பல்லாம் நாங்க தினமும் போவோம், வருவோம்" என்று நீ சொல்வாயே, அந்த மாதிரி. படிக்கும்போது எனக்கே உங்கள் சத்தம் கேட்டது.

மொழிபெயர்ப்பையும் படிவத்தையும் நேரே கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஒன்று மட்டும். மொழிபெயர்த்தது யார், என்ன உறவு என்று அங்கே யாரிடமும் பேச வேண்டாம். அசத்துவதெல்லாம் பிறகு பார்க்கலாம். கோர்ட்டு நடைமுறை அப்படி.

அன்புடன்
தம்பி


பிப்ரவரி 5

அன்புத் தம்பிக்கு, அக்கா. நலம்தான். தைலம் போட்டேன், நாலு நாள்ல தண்ணி தின்னுடுச்சு.

உன் கடிதாசியைத் தையல்காரர் தொட்டிக்கரையில நின்னு படிச்சார். எப்பவும் அப்படித்தான், நீ எழுதினா எல்லாருக்கும்தான். இப்ப தொட்டியில வேற பேச்சே இல்ல. சோப்புச் சித்தி கல்லுல துணியை அடிக்கும்போதெல்லாம் "லவாபந்த்!"னு ஒரு அடி, "லவாபந்த்!"னு ஒரு அடி. நல்லா தாளத்துக்கு வருது. "நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம சிரிப்பு ஒருத்தனைக் கெடுத்திருக்குடி"ன்னு சித்திக்கு ஒரே பெருமை.

ஆனா முதலாளியோட வக்கீல் லேசுப்பட்ட ஆளில்ல. லத்தீன் தெரிஞ்ச யாரையோ கேட்டிருக்கார். "அந்த வார்த்தைக்கு 'துவைச்சிட்டிருந்தாங்க'ன்னும் அர்த்தம் வரும். சாமியார் ஒரு நாள் ஜன்னல்ல எட்டிப் பார்த்தார், கீழ துவைச்சிட்டிருந்தாங்க, எழுதிட்டார். அவ்வளவுதான்"னு மனு போட்டிருக்கார். நிஜமா அப்படியும் வருமா?

வக்கீலம்மா எனக்கு ஒத்திகை வச்சாங்க. "தொட்டியில என்ன செய்வீங்க?"ன்னாங்க. நான், "ஒரு நாள் பாருங்க, டாக்டரோட கோட்டுப் பையில ஒரு தவளை..."ன்னு ஆரம்பிச்சேன். அரை மணி ஆச்சு. வக்கீலம்மா தலையில கை வச்சுட்டாங்க. கடைசியில அந்தத் தவளை யாருதுன்னு அவங்களே கேட்டாங்க, அது வேற விஷயம்.

எப்படிப் பேசணும்னு எழுது.
அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு, இங்கு யாவரும் சுகம். சித்திக்கு என் வணக்கம்.

அந்த வக்கீல் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த வடிவத்துக்கு அப்படியும் ஒரு பொருள் உண்டு. லத்தீன் மட்டும் இந்தக் கேஸைத் தூக்கி நிறுத்தாது. நீதான் நிறுத்த வேண்டும்.

அதனால் கதை சொல்லாதே. "ஒரு நாள்" என்று வாயைத் திறக்காதே. ஒரு நாள் நடந்ததைச் சொன்னால் அது ஒரு நாள்தான். "தினமும் வருவோம், ஊறவைப்போம், அடிப்போம், அலசுவோம், பிழிவோம்" என்று சொல். வழக்கம் என்பது அப்படித்தான் இருக்கும், அதில் சுவாரசியம் இருக்காது. தவளை வேண்டவே வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி


பிப்ரவரி 28

அன்புத் தம்பிக்கு, அக்கா. எல்லாரும் இருக்கோம்.

சாட்சி சொல்லிட்டேன். நீ சொன்ன மாதிரியே, வருவோம், ஊறவைப்போம், அடிப்போம், அலசுவோம், பிழிவோம். பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருந்துச்சு. நான்தான் பள்ளிக்கூடமே போகலையே, கோர்ட்டுல போனேன்.

முதலாளி வக்கீல் எழுந்தார். "தினமுமா?"

"தினமும்ங்க."

"மழையில?"

"மழைன்னா தண்ணி மிச்சம்ங்க."

எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே கேட்டார். "உங்க ஆயுசுல ஒரு நாள்கூடவா வராம இருந்ததில்ல?"

நான் வாயை மூடிட்டேன். "பார்த்தீங்களா, பதில் இல்ல"ன்னுட்டு உட்கார்ந்தார். நீதிபதி எதையோ எழுதிக்கிட்டார்.

இருந்துச்சுடா. ஒரே ஒரு நாள். எந்த நாள்னு உனக்குத் தெரியும். அதைச் சொன்னா இன்னொண்ணும் சேர்ந்து வெளிய வரும், அதான் சொல்லல.

வெளிய வந்ததும் வக்கீலம்மா உன் ஃபாரத்தைக் காட்டினாங்க, மொழிபெயர்ப்பு எவ்வளவு சுத்தமா இருக்குன்னு மெச்சிக்கிட்டே. உன் கையெழுத்து நல்லா இருக்கு. அதுக்கு மேல அச்சடிச்சிருந்த வரியைத் தையல்காரர் எனக்குப் படிச்சுக் காட்டினார். மெதுவாத்தான் படிச்சார்.

முதலாளி தொட்டிக்கு வர்ற குழாயை அடைச்சுட்டார். தீர்ப்பு வர்ற வரைக்குமாம். அடுத்த விசாரணை ஏப்ரல்ல.

சளிக்கு வெந்நீர் குடி.
அக்கா


மார்ச் 22

அன்புத் தம்பிக்கு, அக்கா. மூணு வாரமா உன் பதில் இல்ல. வேலை இருக்கும்.

ஆத்துக்கு நடந்து போய்த் துவைக்கிறோம். ஈர மூட்டையோட மேட்டுல ஏறணும், சித்திக்கு முட்டி பிடிச்சுக்கிச்சு. மிஷின் வாங்கலாமான்னு ஆஸ்பத்திரியில பேசுறாங்களாம். தொட்டி காஞ்சு கிடக்கு, அடியில ஒரு பச்சைச் சீப்பு, ரெண்டு பொத்தான். பார்க்க என்னவோ போல இருக்கு.

கேஸைப் பத்தி நீ ஒண்ணும் எழுத வேணாம். உடம்பு எப்படின்னு மட்டும் ஒரு வரி போடு.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு, உடம்பு நலம். மனம்தான் இல்லை.

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் தையல்காரர் சத்தமாகத்தான் படிப்பார், பதினோரு பேரும் கேட்பார்கள். கேட்கட்டும். அண்ணே, நிறுத்தாமல் படியுங்கள்.

அந்தப் படிவத்தில் ஒரு வரி: 'இவ்வழக்கின் எந்தத் தரப்போடும் எனக்கு உறவு இல்லை.' அதன் கீழேதான் கையெழுத்துப் போட்டேன். உறவு உண்டு என்று எழுதினால் என்ன உறவு என்பார்கள். எங்கள் குடும்பம் துணி வியாபாரம் என்று இங்கே முப்பது வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். பாதி உண்மை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

நீ சொல்லாமல் விட்ட நாள் எனக்குத் தெரியும். நான் காலேஜுக்கு ரயிலேறிய நாள். வேலையைப் போட்டுவிட்டு அம்மா, நீ, சித்தி என்று அப்போதிருந்த ஒன்பது பேரும் முழங்கால்வரை ஈரத்தோடு பிளாட்பாரத்தில் வரிசையாக நின்றீர்கள். ரயில் நாலு மணி நேரம் தாமதம். ஏறிய பிறகு கூட்டத்தில் உங்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போய்ச் சேர்ந்ததும் எழுதினேன். பார்த்தேன் அக்கா. பெட்டியில் புதுச் சட்டை போட்ட பையன்கள் இருந்தார்கள். எழுந்து மறுபக்கத்து ஜன்னலுக்குப் போய்விட்டேன்.

இத்தனை நாள் "ஒரு நாள் என்று ஆரம்பிக்காதே" என்று உனக்குப் பாடம் நடத்தினேன். தப்பு. அந்த ஒரு நாளைச் சொல். நான் வந்து அந்தக் கையெழுத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 9

அன்புத் தம்பிக்கு, அக்கா. நாங்க சுகம். நீ வா.

கடிதாசியைத் தையல்காரர் நிறுத்தாமத்தான் படிச்சார். கண்ணாடியை மட்டும் ரெண்டு தடவை துடைச்சார். சித்தி, "இதைச் சொல்ல இவனுக்கு முப்பது வருஷமா? எங்க எல்லாருக்கும் அன்னைக்கே தெரியுமே"ன்னா. தெரியும்டா. ஜன்னல்ல உன் முதுகு தெரிஞ்சுது. முதுகைப் பார்த்தே கையாட்டினோம். அம்மா திரும்பி வர்ற வழியெல்லாம், "சட்டை முதுகுல சுருக்கமே இல்ல பாத்தியா, யாரு தேய்ச்சது?"ன்னு பெருமை பேசிட்டு வந்தா. தேய்ச்சது நான்.

ராத்தங்க இடம் இருக்கு. போர்வை எடுத்துட்டு வராதே, இங்க இல்லாததா?

அக்கா


ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு, அக்கா. பத்திரமா ஊர் போய்ச் சேர்ந்தியா? சாப்பிடாம ரயிலேறிட்டே.

நீ மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுப் போயிட்டே, அப்புறம் நடந்ததை நீ பார்க்கல. "நான் இவங்க தம்பி, எங்கம்மா அந்தத் தொட்டியிலதான் துவைப்பா, நான் மூட்டை தூக்குவேன், ஃபாரத்துல பொய் எழுதிட்டேன்"னு கூண்டுல நின்னு நீ சொன்னப்போ எனக்கு என்ன தோணுச்சுன்னு இப்ப சொல்ல மாட்டேன். ஆனா நீதிபதி உன்னைக் கண்டிச்சு, மொழிபெயர்ப்பைத் தள்ளி வச்சு, லத்தீனுக்கு வேற ஆளைப் போடச் சொன்னாரா, முதலாளி மீசையைத் தடவிக்கிட்டார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டாங்க. அவரோட வக்கீல் எடுத்த எடுப்புல, "தம்பி பொய் சொன்னார். அக்கா மட்டும் நிஜம் சொல்லுவீங்களாக்கும்?"ன்னார்.

நான் நீதிபதியைப் பார்த்து, "ஐயா, அன்னைக்கு ஒரு கேள்விக்குப் பதில் பாக்கி வச்சேன். நாங்க வராத நாள் ஒண்ணு உண்டு. சொல்லட்டுமா?"ன்னேன்.

"சொல்லுங்க."

"ஒரு நாள்..."னு ஆரம்பிச்சேன். வக்கீலம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க.

எல்லாத்தையும் சொன்னேன். உன் தகரப் பெட்டிக்குக் கைப்பிடி இல்லாம கயிறு கட்டினது, ரயில் வராம சித்தி ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டினது, எல்லாம். அப்புறம் திரும்பி வந்து பார்த்தா தொட்டிக்கரையில ஒரே கூட்டம். ஆஸ்பத்திரி பெரிய நர்ஸ் இடுப்புல கை வச்சு நிக்கிறாங்க. முடிவெட்டுறவர் துண்டு இல்லாம கடையை மூடிட்டு வந்திருக்கார். "ஏண்டி, எல்லாரும் செத்துட்டீங்களா?"ன்னு நர்ஸம்மா போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. அதையும் அப்படியே சொன்னேன், குரலோட.

முதலாளி வக்கீல், "இது கதை. ஆதாரம்?"னார்.

வக்கீலம்மா கண்ணைத் திறந்துட்டாங்க. "ஐயா, ஆஸ்பத்திரியில பழைய பதிவேடு இருக்கும். ஒரு நாள் டைம் குடுங்க"ன்னாங்க. ஆஸ்பத்திரியில எதையும் தூக்கிப் போட மாட்டாங்க, புண்ணுல சுத்தின பழைய கட்டைத் தவிர. அடுத்த நாள் தூசியோட வந்துச்சு. நீ ரயிலேறின தேதியைப் பிரிச்சு, அந்த நர்ஸம்மா எழுதி வச்சதை நீதிபதியே வாய்விட்டுப் படிச்சார்:

"இன்று துணி வரவில்லை. இரண்டு அறுவை சிகிச்சைகள் நாளைக்கு மாற்றப்பட்டன. தொட்டிக்கு ஆளனுப்பினோம். அங்கே ஒருவரும் இல்லை. நான் பொறுப்பேற்ற பத்தொன்பது ஆண்டுகளில் இதுவே முதல் தடவை."

படிச்சுட்டு, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிச்சார். ஒரு நாள் இல்லாததை எழுதி வச்சாங்க பாரு, மத்த நாளெல்லாம் தானா வந்து வரிசையில நின்னுக்கிச்சு.

முதலாளி வக்கீலும் விடல. "ஒரு பையன் ரயிலேறுறதுக்கு ஒன்பது பேரு எதுக்கு?"ன்னார்.

"எங்க தொட்டியிலேர்ந்து படிக்கப் போன முதல் ஆளுங்க. மிச்சப் பேரு வீட்டுல இருந்தா நியாயமா?"

"அவர் கையாட்டினாரா?"

"வண்டி கிளம்பிடுச்சுங்க"ன்னேன். நிஜம்தானே.

தீர்ப்பு அடுத்த மாசம். சித்தி இப்பவே சோப்பு வாங்கி அடுக்குறா.

அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு, இங்கு எல்லோரும் சுகம். உன் கடிதத்தை வீட்டில் நான்தான் சத்தமாகப் படித்தேன். "நர்ஸ் குரலில் படியுங்கள்" என்று உன் தம்பி பெண்டாட்டி மூன்று தடவை கேட்டாள். லீவில் எல்லோரும் அங்கே வர வேண்டுமாம்.

தலைமையாசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன். கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுப்பேன்.

நேற்று வகுப்பில் வழக்கமாகச் செய்ததைச் சொல்லும் பாடம். வருஷா வருஷம் போர்வீரர்கள் நடப்பார்கள், அரசன் ஆள்வான் என்றுதான் எழுதிப் போடுவேன். நேற்று, 'மாதேர் லவாபாத், எகோ போர்தாபாம்' என்று எழுதினேன். அம்மா துவைப்பாள், நான் சுமப்பேன். "யார் அம்மா, சார்?" என்றது ஒரு பெண். "என் அம்மா" என்றேன். பிறகு அவள், "ஈரத் துணி கனமா இருக்குமே சார்" என்றாள். அரை மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசினோம். நானும் உன் தம்பிதானே.

தீர்ப்பு வந்ததும் தந்தி மாதிரி ஒரு வரியாவது அனுப்பு.

தம்பி


மே 19

அன்புத் தம்பிக்கு, அக்கா. நாங்க நல்லா இருக்கோம். ரொம்ப நல்லா இருக்கோம். தொட்டிக்கரையில உட்கார்ந்துதான் இதைச் சொல்றேன்.

ஜெயிச்சாச்சு! தொட்டியும் தொட்டிக்குப் போற பாதையும் தண்ணியும் துவைக்கிறவங்களுக்கே, எங்க பிள்ளைங்க காலத்துக்கும். நீதிபதி ஒரு மணி நேரம் படிச்சார், எனக்கு அதுதான் புரிஞ்சுது, அது போதும். இன்னொண்ணும் சொன்னார். கோர்ட்டு புதுசா வச்ச லத்தீன்காரர் மொழிபெயர்ப்பும் நீ எழுதினதும் சொல்லுக்குச் சொல் ஒண்ணா இருக்காம். "முதல்ல செஞ்சவர் உறவை மறைச்சார், அர்த்தத்தைத் திரிக்கல"ன்னார். வக்கீலம்மா அதை உனக்குன்னு தனியா எழுதிக் குடுத்திருக்காங்க, உள்ள வச்சிருக்கேன்.

முதலாளி வெளிய வந்து நேரா காரைப் பார்த்து நடந்தார். சித்திதான் சும்மா இருக்க மாட்டாளே, "லாட்ஜுல விரிப்பெல்லாம் எங்க குடுக்குறீங்க?"ன்னு கேட்டா. மனுஷன் காருக்குள்ள போய்க் கதவைச் சாத்தி, கொஞ்சம் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, "நாளைக்கு ஆள் அனுப்புறேன்"னார். கஞ்சி போடணுமா வேணாமான்னு கேட்டோம். போடணுமாம். போடுறதுன்னா ஒண்ணு சொல்லணும், ஒரு தடவை நம்ம அம்மா கஞ்சி போட்ட சட்டை தனியா நின்னுச்சு, அதுக்கு ஒருத்தர் வணக்கம் வச்சுட்டுப் போனார், அவர் யாருன்னா

குழாய்ல சத்தம் கேக்குது. காத்துதான் முதல்ல வருது. தம்பி, தண்ணி வந்துடுச்சுடா! எல்லாரும் இறங்கிட்டாங்க. தையல்காரரும் காலை நனைக்கணுமாம், பேனாவை வைக்கிறார். போறேன்.